உதகைக்கு ஒரு புஷ்ப யாத்திரை

மே மாதத்தில் உதகைக்குப் போகிறோம் என்று கோயமுத்தூர்க்காரர்கள் சொல்வது, வெயிலுக்குப் பயந்து ஓடுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் கௌரவமான பெயர். ஆனால் எங்கள் மாடித் தோட்டச் சங்கத்தார் வருஷந்தோறும் அங்கே போவது குளிரை உத்தேசித்து அல்ல. நாலு ரோஜாத் தொட்டியையும் ஒரு செம்பருத்தியையும் வைத்துக்கொண்டு, மாவுப்பூச்சியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன மனசுக்கு, செடி என்றால் எப்படி இருக்கவேண்டும் என்பதை ஒரு தடவை கண்ணாரக் காட்டிவிட்டு வரவேண்டும் என்ற ஆசையினால்தான்.

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளின் நிழலைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் வேன் ஏறத் தொடங்கியதும், அதுவரை வேப்பம் புண்ணாக்கைப் பற்றியும் மண்புழு உரத்தைப் பற்றியும் ஓயாமல் தர்க்கம் செய்துகொண்டிருந்த அங்கத்தினர்கள், ஒவ்வொருவராக மௌனமாகி, கையில் எலுமிச்சம்பழத்தோடு ஜன்னலோரத்தை நாடினார்கள். பிரயாணத்தைப் பற்றி இதற்குமேல் எழுதினால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

தொட்டபெட்டாச் சரிவில் 55 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் உதகைத் தாவரவியல் பூங்கா பூவுக்குப் பேர்போனது என்றாலும், அதன் பூர்வோத்தரத்தை விசாரித்தால் விஷயம் காய்கறியில் போய் முடிகிறது. 1840-களில் அங்கே குடியேறியிருந்த ஐரோப்பியர்கள், சகாய விலையில் காய்கறி கிடைக்கவேண்டும் என்று தங்களுக்குள் சந்தா வசூலித்துத் தொடங்கிய தோட்டந்தான் அது. பிற்பாடு, 1848-இல், லண்டனிலுள்ள கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மக்ஐவர் என்ற நிபுணர் வந்து பொறுப்பேற்றார். சதுப்பும் காடுமாகக் கிடந்த சரிவை அவர் திருத்தி அமைத்த அழகைத்தான் நாம் இன்றைக்கு அனுபவிக்கிறோம். நாங்கள் பார்க்கப்போன மலர்க் கண்காட்சி 1896-இல் ஆரம்பமாயிற்று. சுமார் இரண்டு கோடி வருஷத்துக் கல்மரம் ஒன்றும் அங்கே உண்டு. எங்கள் கோஷ்டியார் அதன் அருகில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, அதை மறந்துபோனார்கள்.

ஜனக்கூட்டம் முழுவதும் கார்னேஷன் மலர்களால் அமைத்த பிரம்மாண்டமான உருவத்தைச் சுற்றியே மொய்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அதில் அவ்வளவாக ரசனை கிடையாது. செடியில் இருக்கவேண்டிய பூவைக் கொய்து, ஆயிரக்கணக்கில் வரிசை வரிசையாகச் செருகி, யானையாகவோ கோட்டையாகவோ நிறுத்துவதில் தச்சனுடைய சாமர்த்தியம் தெரியலாம். தோட்டக்காரனுடைய சாமர்த்தியம் தெரியாது. அது தெரியவேண்டுமானால் கண்ணாடிக் கூரையின் கீழே, படிப்படியாகத் தொட்டிகளை அடுக்கியிருக்கும் மலர் மாடத்துக்குப் போகவேண்டும். டேலியா, சால்வியா, பெட்டூனியா, பேன்ஸி என்று ஆளுக்கொரு குணமுள்ள செடிகளை, மார்கழி, தை மாதத்து உறைபனிக்குத் தப்பவைத்து, விதைக்கும் நாளைக் கணக்கிட்டு, நுனியைக் கிள்ளவேண்டிய சமயத்தில் கிள்ளி, எல்லாமாகச் சேர்ந்து மே மாதத்தின் அந்தச் சில தினங்களில் மலரும்படி செய்வதிருக்கிறதே, அது ஜோசியத்தைவிடக் கஷ்டமான காரியம். பத்து நாள் முந்தினால் பூ வாடிப்போகும். பத்து நாள் பிந்தினால் வந்தவர்கள் மொக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான்.

மாடத்தின் ஓரத்தில், கம்பளித் தொப்பியணிந்த தோட்டத் தொழிலாளி ஒருவர், கூட்டத்தைச் சற்றும் லட்சியம் செய்யாமல், வாடிய பெட்டூனியாப் பூக்களைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். பூவின் இதழை மட்டும் அவர் பிடுங்கவில்லை; இதழுக்குப் பின்னால் பச்சையாகப் பருத்திருக்கும் விதைக்காயோடு, காம்பையும் சேர்த்து, கட்டைவிரல் நகத்தால் நறுக்கினார். எங்கள் சங்கத்தின் மூத்த அங்கத்தினரான அம்மாள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "ஏனுங்க தம்பி, நாங்க வெறும் பூவைத்தானுங்க பறிப்போம், நீங்க காம்போட கிள்றீங்களே?" என்று கேட்டார்.

"காயை விட்டா செடி விதைக்குப் போயிடும்மா. அப்புறம் பூக்காது. தண்ணியும் தலைமேல ஊத்தாதீங்க, வேர்ல விடுங்க, இதழ் அழுகிடும்."

அவ்வளவுதான் சம்பாஷணை. ஆனால், வருஷம் முழுவதும் எங்கள் கூட்டங்களில் நடக்கும் பிரசங்கங்களில் இவ்வளவு விஷயம் நான் கேட்டதில்லை. அந்த அம்மாள் அதோடு விடாமல், சாப்பாட்டுத் தட்டளவுக்கு விரிந்திருந்த டேலியாவைக் காட்டி, கிழங்கு வாங்கிப் போனால் கோயமுத்தூரில் வருமா என்றும் விசாரித்தார். பனிக்காலத்தில் வரும், வெயில் ஏறினால் நிற்காது என்று பதில் கிடைத்தது. 'வருமுங்க' என்ற பாதியை மாத்திரம் காதில் வாங்கிக்கொண்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

பிற்பகலில் தூறல் பிடித்துக்கொண்டது. சீசனில் குன்னூர் வழியாக ஏறுகிறவர்கள் கோத்தகிரி வழியாக இறங்கவேண்டும் என்பது ஏற்பாடு; ஆகையால் தேயிலைத் தோட்டங்களினூடே இறங்கும்போதே காரியதரிசி சங்கச் செலவில் வாங்கிய பெட்டூனியா விதைப் பொட்டலங்களை விநியோகித்தார். கசகசாவைவிடச் சிறிய விதை. ஐப்பசி மழை ஓய்கிற வரையில் ஒருவரும் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாக உத்தரவு போட்டார். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். மூத்த அம்மாள் மட்டும், தம் பொட்டலத்தின் ஒரு மூலையை அதற்குள்ளாகவே கிழித்து, உள்ளங்கையில் இரண்டு விதையைக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.