தேக்காவிலிருந்து 20 நிமிட நடையில் ஜாஸ்

சனிக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் நடந்தால், ஏதாவது ஒரு கடையின் ஒலிபெருக்கியிலிருந்து பஜனைப் பாட்டும் அதற்கு அடியில் ஹார்மோனியமும் காதில் விழும். அங்கிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டி, பூகிஸ் பக்கம் திரும்பி ஒரு 20 நிமிடம் நடந்தால் கம்போங் கிளாமின் பாலி லேன் வந்துவிடும். புளூ ஜாஸ் கஃபே பல ஆண்டுகளாக ஜாஸ் இரவுகளை நடத்திய சந்து அது. தூரம் அவ்வளவுதான். ஆனாலும் நம் வீடுகளில் ஜாஸ் என்றதும், “அது நமக்கெல்லாம் புரியாதுப்பா” என்று ஒதுங்குபவர்களே அதிகம். அந்தத் தயக்கத்தைப் போக்க ஒரு நல்ல வழி, ஜாஸ் ஆர்கனைக் கேட்பது.

1935-ல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஹேமண்ட் அறிமுகப்படுத்திய மின் ஆர்கனில் காற்றுக் குழாயும் கிடையாது, ஹார்மோனியத்தில் உள்ள ரீடும் கிடையாது. மோட்டார் ஒன்று சிறு உலோகச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. காந்தத்துக்கு முன்னால் அவை சுழலும்போது உண்டாகும் மின்னோட்டமே ஒலியாகிறது. கட்டைகளுக்கு மேலே, ஒரு தொகுதிக்கு ஒன்பது இழுவைப் பட்டைகள். எதை எவ்வளவு இழுப்பது என்பது சாம்பாரில் புளியும் காரமும் சேர்ப்பது போல, அவரவர் கைப்பக்குவம்.

குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் இதை விரும்பி வாங்கின. பிறகு அது இரவு விடுதிகளுக்கும் வந்தது. 1956-ல் ஜிம்மி ஸ்மித்தின் முதல் இசைத்தட்டுகள் வெளிவந்த பிறகு, ஜாஸ் உலகில் ஆர்கனுக்குத் தனி மவுசு. வலது கை மெட்டை வாசிக்க, இடது கையும் பாதமும் பேஸ் பகுதியைப் பார்த்துக்கொள்ளும். கூட ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ் இருந்தால் போதும், கச்சேரி களைகட்டிவிடும். சிறிய விடுதிகளுக்கும் அது கட்டுப்படியானது.

கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்காது. முதலில் மெட்டு வரும். பிறகு ஒவ்வொருவரும் மனோதர்மப்படி அதை விரித்து வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசிக்கொள்வதுபோல், ஆர்கனும் டிரம்ஸும் பேசிக்கொள்ளும். கடைசியில் எல்லாரும் மெட்டுக்கே திரும்புவார்கள்.

“இருந்தாலும் அது வெளியூர்ச் சரக்குதானே?” என்று கேட்கலாம். ஹார்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். கமகம் வராத கருவி என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940-ல் அதற்குத் தடை விதித்தது. 1971-ல்தான் தடை ஓரளவு தளர்ந்தது. வானொலியில் வேலை செய்யும் எனக்கு அந்தக் கதை எப்போதும் ஒரு பாடம். நிலையத்துக்குள் நுழைய முடியாத அந்த 31 ஆண்டுகளிலும் கோயிலிலும் நாடக மேடையிலும் மக்கள் ஹார்மோனியத்தைக் கைவிடவில்லை. இன்று அதை யாரும் அந்நியக் கருவி என்று சொல்வதில்லை.

சிங்கப்பூருக்கும் இந்த இசை புதிதல்ல. 1988-ல் மோன்ட்ரூ ஜாஸ் விழாவில் வாசித்தவர் நம் பியானோ கலைஞர் ஜெரமி மொன்டேரோ. 2002-ல் கலாசாரப் பதக்கம் பெற்ற அவர், இத்தாலிய ஆர்கன் கலைஞர் ஆல்பர்ட்டோ மார்சிக்கோவுடன் இணைந்து ‘ஜாஸ்-புளூஸ் பிரதர்ஸ்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டிருக்கிறார். யமஹா 1959-ல் அறிமுகப்படுத்திய எலக்டோனை இங்கே வகுப்பில் கற்றவர்கள் இன்று பெற்றோராக இருப்பார்கள். இரண்டு வரிசைக் கட்டைகள், காலுக்குப் பெடல் என்று அதுவும் ஆர்கனின் அமைப்புதான். தேர்வு முடிந்ததும் துணி போட்டு மூடிய கீபோர்டு எத்தனை வீடுகளில் இருக்கிறது!

பழைய ஹேமண்ட் பி-3 ஆர்கன், பெடல், இருக்கையோடு சேர்த்து ஏறக்குறைய 190 கிலோ. கடைவீட்டு மாடிப்படியில் அதை ஏற்றுவது லேசான வேலையில்லை. அதனால் அதே ஒலியைத் தரும் கையடக்கமான மின்னிலக்கக் கருவிகள் வந்துவிட்டன. எடைப் பிரச்சினை தீர்ந்தது. வாடகைப் பிரச்சினை தீரவில்லை. நகரத்தின் நடுவில் நேரடி இசை நடத்தும் சிறிய இடங்கள் நிலைப்பது, நாற்காலிகள் நிறைவதைப் பொறுத்தது. அதை எந்தத் தொழில்நுட்பமும் செய்துதராது.

குழந்தைகளோடு தொடங்க விரும்புவோர் எஸ்பிளனேடுக்குப் போகலாம். அங்கே கச்சேரி மண்டபத்தில் 4,740 குழாய்கள் கொண்ட பிரம்மாண்டமான ஆர்கன் இருக்கிறது. நாம் கலா உற்சவத்துக்குப் போகும் அதே வளாகம்தான். நீர்முகப்பு வெளியரங்கில் இலவச இசை நிகழ்ச்சிகளும் நடக்கும். என்றாவது மேடையில் ஆர்கன் இருந்தால், கைகளை மட்டும் பார்க்காமல் வாசிப்பவரின் இடது காலையும் கவனிக்கச் சொல்லுங்கள். பாட்டு முழுவதும் அது ஓய்வதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த கீபோர்டின் துணியை எடுத்தாலும் எடுப்பார்கள்.