மோட்டாரும் கிட்டாரும்

வேர்க்கடலை வித்த காசு கைக்கு வந்த அன்னிக்கே பாப்பா மெதுவா ஆரம்பிச்சுட்டா. "நைனா, எலக்ட்ரிக் கிட்டார் வாங்கித் தர்றேன்னு சொன்னீங்களே?" திருத்தணியில ஆந்திரா எல்லை பக்கத்துலயே இருக்கறதால, எங்க வீட்ல அப்பா எப்பவும் நைனாதான்.

ஒரு காலத்துல என்கிட்டயும் கிட்டார் இருந்தது. பேரு கிவ்சன். அமெரிக்கக் கிப்சன்னு நினைச்சுடாதீங்க, இது கொல்கத்தாவில் செய்றது. காலேஜ் நாட்கள்ல ஆடிக் கிருத்திகை சமயத்தில் சுத்துப்பட்டு ஊர்க் கச்சேரிகளில் அதை வாசிச்சிருக்கேன். 1998ல கிணறு வத்திப்போச்சு. போர் போட்டோம், மோட்டாருக்குக் காசு பத்தல. கிட்டாரை வித்தேன். அதுக்கப்புறம் தொடவே இல்லை.

காலை ரயிலைப் பிடிச்சு ரெண்டு பேரும் சென்னைக்குப் போனோம். கடையில் நூறு கிட்டார் தொங்கினாலும், பெரும்பாலானதுக்கு ரெண்டே ரெண்டு பாட்டன்கள்தான். ஒன்னு கிப்சனோட லெஸ் பால், 1952ல வந்தது. இன்னொன்னு ஃபெண்டரோட ஸ்ட்ராட்டோகாஸ்டர், 1954ல வந்தது. அசலோட விலை நம்ம கைக்கு எட்டாது. அதனால கிப்சன் குடும்பத்து எபிஃபோனும், ஃபெண்டர் குடும்பத்து ஸ்கொயரும்.

எபிஃபோன் லெஸ் பாலை மடியில் வச்சதுமே கனம் தெரிஞ்சது. கழுத்தை உடம்போட பசை போட்டு ஒட்டியிருக்காங்க, நம்ம ஒட்டு மாங்கன்னு மாதிரி. நாதம் தடிப்பா, நாயனம் மாதிரி நின்னு இழையுது. கம்பியோட நீளம் 24.75 அங்குலம், ஸ்ட்ராட்டில் 25.5. முக்கால் அங்குலம் குறையறதால கம்பி கொஞ்சம் தளர்வா வளையுது. மண்வெட்டி பிடிச்சுக் காய்ச்சுப்போன என் விரலுக்கு அதுவே பெரிய சுகம்.

ஸ்ட்ராட் வேற ஜாதி. கழுத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்காங்க, தேஞ்சா கழட்டி மாத்திக்கலாம். சத்தம் கோயில் மணி மாதிரி கணீர்னு தனித்தனியா விழுது. பாப்பா கண்ணை மூடிக்கிட்டு கேட்டா. "இதுதான் நைனா." எனக்கு மனசு லெஸ் பால் மேல. ஆனா வாசிக்கப் போறவ அவ. ஸ்ட்ராட்டையே வாங்கிட்டோம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆம்ப்ளிஃபயர்ல சொருகினோம். அந்த நேரம் பார்த்து மும்முனை கரண்ட் வந்தது, நான் போய் மோட்டாரைப் போட்டேன். மோட்டார் கொட்டாய் வீட்டை ஒட்டியே இருக்கு. திரும்பி வந்தா ஸ்பீக்கர்ல ஒரே உர்ர்ர்... பாப்பா முகம் வாடிப்போச்சு. "கிட்டார் கெட்டுப்போச்சா நைனா?"

கிட்டார் மேல குற்றம் இல்ல. ஸ்ட்ராட்டில் கம்பிக்குக் கீழ இருக்கறது சிங்கிள் காயில். காந்தத்தைச் சுத்தி ஒரே ஒரு செப்புக் கம்பிச் சுருள். கம்பியோட அதிர்வை மட்டுமில்ல, பக்கத்துல ஓடற மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் உறுமலையும் அது சேர்த்தே பிடிக்கும். எந்த கம்பெனி சிங்கிள் காயிலுக்கும் இதே குணம்தான். இதைத் தீர்க்கத்தான் கிப்சனில் இருந்த சேத் லவர் 1955ல ஹம்பக்கரைச் செஞ்சார். ரெண்டு சுருளை எதிரெதிரா வச்சா உறுமல் ஒன்னையொன்னு அடிச்சுக்கும், பாட்டு மட்டும் நிக்கும். 1957லேருந்து லெஸ் பாலில் அதுதான். ஆனா அந்தக் கணீர் சத்தம் அதில் கிடைக்காது. ஹம்பக்கர் வேணும்னா மணிச் சத்தத்தை விடணும்.

"திரும்பி உக்காந்து பாரும்மா"ன்னேன். மோட்டார் பக்கம் முகம் காட்டாம ஜன்னல் பக்கம் திரும்பினா. உறுமல் பாதியாச்சு, முழுசா போகல.

அப்பவே லெஸ் பால் வாங்கியிருக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. அன்னிக்கு மோட்டாருக்காக ஒரு கிட்டாரை வித்தவன் நான். இன்னிக்கு மறுபடியும் அதே மோட்டார் குறுக்கே நிக்குது. கரும்பில் இன்னும் நாலு பாத்தி பாக்கி.

கொட்டாய்க்குப் போய் மோட்டாரை நிறுத்தினேன். நாலு பாத்தி நாளைக்குப் பாயட்டும். வாய்க்காலில் தண்ணி அடங்கினதும் வீட்டிலிருந்து அந்த மணிச் சத்தம் சுத்தமா வந்தது. பாப்பா ஒரே இடத்தைத் தப்புத் தப்பா திரும்பத் திரும்ப வாசிச்சிட்டிருந்தா. வரப்பில் உக்காந்து கேட்டேன்.

இப்பவும் கேட்டா எனக்கு லெஸ் பால்தான் பிடிக்கும். ஆனா எங்க வீட்ல இப்போ ஒரு ஏற்பாடு: கரண்ட் வர்ற நேரம் கரும்புக்கு, சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் ஸ்ட்ராட்டுக்கு.