பர்மாக்காரரும் சிலோன்காரரும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாலைந்து பேர் டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஓய்வூதியம், சர்க்கரை, பேரப்பிள்ளைகள் என்று சுற்றிவந்த பேச்சு எப்படியோ அகதிகள் பக்கம் திரும்பியது. ஒரு நண்பர் சொன்னார்: "பர்மாவுல இருந்து வந்தவன்லாம் உழைச்சான், முன்னுக்கு வந்துட்டான். சிலோன்காரன் முப்பத்தஞ்சு வருஷமா முகாம்லயே உக்காந்து கவர்மெண்ட் காசு வாங்கிட்டு இருக்கான். எல்லாம் உழைப்புதான் சார்."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் உறுத்தியது. ஏனென்றால் இந்த இரண்டு வகை மனிதர்களோடும் நான் நெருங்கிப் பழகியிருக்கிறேன். ஒருவர் என்னோடு படித்தவர். இன்னொருவர் என்னிடம் படித்தவர். பெயர் வேண்டாம், இருவருமே இருக்கிறார்கள்.

முதலில் என்னோடு படித்தவர்.

1967-ல் திண்டிவனத்தில் நான் மூன்றாம் வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்த பையனை எல்லோரும் "பர்மா" என்றுதான் கூப்பிடுவோம். ரங்கூனில் பிறந்தவன். அவன் அப்பாவுக்கு அங்கே ஒரு சின்ன மளிகைக் கடை இருந்ததாம். 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடை கண்ணிகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். நம் ஊரில் 2016-ல் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள், கூடவே கடையும் பறிபோனால் எப்படி இருக்கும்? அப்படிக் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, சொந்தக்காரர் ஒருவரைத் தேடித் திண்டிவனம் வந்த குடும்பம் அது. ஒரு தகரப் பெட்டி, நான்கு பிள்ளைகள்.

அவன் அப்பா மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கினார். ரங்கூனில் கல்லாவில் உட்கார்ந்திருந்த மனிதர். அம்மா வீட்டில் இடியாப்பம் பிழிந்து தெருவில் விற்றார். மதியம் சத்துணவெல்லாம் இல்லாத காலம். எனக்கு இருந்ததை அவனும், அவனுக்கு இருந்ததை நானும் சாப்பிட்டிருக்கிறோம். ஆக, அவர்கள் உழைத்தார்கள் என்று என் நண்பர் சொன்னது உண்மை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் உழைப்புக்கு முன்னால் இன்னொன்று நடந்தது. கப்பலை விட்டு இறங்கியபோதே அரசாங்கம் அவர்களுக்கு வைத்த பெயர் "தாயகம் திரும்பியோர்". அகதி என்று நாம்தான் வாய்ப்பேச்சில் சொன்னோம். காகிதத்தில் அவர்கள் இந்த நாட்டுக்காரர்கள். வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்த சொந்தப் பிள்ளைகள் மாதிரி. அப்படித் தமிழ்நாட்டில் குடியமர்ந்தவர்கள் சுமார் 1.44 லட்சம் பேர்.

ரெப்கோ பேங்க் என்ற பெயர்ப் பலகையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நகைக் கடன்கூட வாங்கியிருப்பீர்கள். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று யோசித்ததுண்டா? பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியவர்களுக்காக 1969-ல் தொடங்கிய கூட்டுறவு வங்கி அது. மத்திய அரசும் தென் மாநில அரசுகளும் பங்கு போட்டன. வந்தவர்கள் காலூன்ற ஒரு வங்கியையே உண்டாக்கியிருக்கிறார்கள். சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் வந்ததும் அந்தக் காலத்தில்தான். கை வண்டியில் வைத்து விற்றவர்களுக்குக் கடை போட இடம் கிடைத்தது.

என் தோழனின் அப்பாவுக்கும் தொழில் கடன் கிடைத்தது. திண்டிவனத்தில் ஒரு பெட்டிக்கடை, பிறகு மளிகைக் கடை. ஓலைக் குடிசை இருந்த இடத்துக்குப் பட்டா கிடைத்தது. பட்டாவைக் காட்டிக் கடன் வாங்கிச் சுவர் எழுப்பினார்கள். தோழன் ஐ.டி.ஐ. முடித்துப் போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். இன்று என்னைப் போலவே அவனும் ஓய்வூதியக்காரன். மகன் பெங்களூரில். 2018-ல் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு ரங்கூன் போய்ப் பிறந்த தெருவைப் பார்த்துவிட்டு வந்தான். வரும்போது எனக்கு ஒரு பர்மா கைலி வாங்கி வந்தான்.

பர்மாக்காரர்கள் எல்லோரும் இப்படி வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கடைசிவரை மூட்டை தூக்கியே செத்தவர்களும் உண்டு. பிழைக்க வழியில்லாமல் மறுபடி பர்மாவுக்கே நடந்துபோகப் பார்த்து, எல்லையில் மணிப்பூரின் மோரே ஊரில் தங்கிப்போன தமிழர்களும் உண்டு. ஆனாலும் தூக்கிய மூட்டைக்குக் கிடைத்த கூலி மிச்சமானால், அதைத் தன் பெயரில் ஒரு பொருளாக மாற்றிக்கொள்ள அவர்களுக்கு வழி இருந்தது.

இப்போது என்னிடம் படித்தவருக்கு வருகிறேன்.

1990 கடைசி. அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கடலோரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இருந்தேன். இலங்கையில் அந்த ஜூன் மாதம் மறுபடி போர் மூண்டு, படகு படகாக ராமேசுவரம் வந்தவர்களை மண்டபம் முகாமில் வைத்துப் பிறகு மாவட்டம் மாவட்டமாக அனுப்பினார்கள். நம் பக்கம் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் நடுவே கீழ்ப்புத்துப்பட்டில் முகாம். அய்யனார் கோவில் இருக்கிற ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

பாதி வருஷத்தில் என் வகுப்புக்கு வந்தான் எட்டு வயதுப் பையன். திருகோணமலைப் பக்கம். வருகைப் பதிவு எடுக்கும்போது பெயரைக் கூப்பிட்டேன். "ஓம் சேர்" என்றான். வகுப்பே சிரித்தது. "ஆம் என்பதைத்தான் அவங்க ஊர்ல ஓம்னு சொல்றாங்க. நீங்கதான் ஆமாங்கிறதைக்கூட ஆமானு முழுசா சொல்றதில்ல" என்று பிள்ளைகளை அடக்கினேன். எழுத்து முத்து முத்தாக இருக்கும். "நல்லா படிச்சா நல்லா வந்துடலாம்டா" என்று அவனிடம் எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கே இல்லை. வாத்தியார்கள் எல்லோரும் சொல்வதுதானே.

பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு சில ஆண்டுகள் மூடிக் கிடந்த காலத்தை அவன் அண்ணன்மார்கள் பார்த்திருந்தார்கள். படித்து என்ன ஆகப்போகிறது என்று பெயின்ட் வேலைக்குப் போய்விட்டான். தமிழ்நாட்டு முகாம்களில் ஆண்களுக்குப் பெரும்பாலும் பெயின்ட் வேலைதான். இன்றைக்கு அவருக்கு நாற்பத்து மூன்று வயது. இனிமேல் மரியாதையோடே எழுதுகிறேன்.

சென்ற மாதம் என் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தது அவர்தான். காலை எட்டரைக்கு வந்தால் மாலை ஆறு வரை. என்னிடம் அச்சு அசல் விழுப்புரம் தமிழ். போனில் அம்மாவிடம் பேசும்போது மட்டும் "ஓம் அம்மா, சாப்பிட்டனான்" என்று மாறிவிடும். நடுவில் ஒரு நாள் வரவில்லை. முகாமில் செக்கிங். அதிகாரி வந்து பெயர் கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவுக்கே சிக்கல். அன்றைய ஆயிரம் ரூபாய்க் கூலி போயிற்று.

"கவர்மெண்ட் காசு" என்றாரே நண்பர், அதையும் கணக்குப் போடுவோம். நான் கணக்கு வாத்தியார்தானே. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000, சிறு பிள்ளைக்கு 500. இது 2021-ல் உயர்த்திய தொகை. அவர், மனைவி, கல்லூரி முடித்த மகள், ஐந்தாவது படிக்கிற மகன், நால்வருக்கும் சேர்த்து 4,000 ரூபாய். அரிசி உண்டு, மின்சாரம் உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை, அது பெரிய உதவி. அந்த ஆண்டுதான் அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" ஆக்கினார்கள். மாநிலம் முழுக்க 7,469 வீடுகள் கட்டித் தருவதாகவும் அறிவித்தார்கள். ஆனால் 4,000 ரூபாயில் ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? என் வீட்டில் மாத்திரைச் செலவே அதில் பாதி. அவர் சாப்பிடுவது தன் கூலியில்தான்.

பிறகு ஏன் முப்பத்தைந்து வருஷமாக அங்கேயே இருக்கிறார்?

அவர் ஓட்டிவருகிற பைக் உள்ளூர் நண்பர் ஒருவர் பெயரில் இருக்கிறது. இலங்கைக் குடியுரிமை உள்ளவர் இங்கே நிலம் வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். பெயின்டருக்கு அது நடக்கிற காரியமா? நிலம் இல்லை என்றால் அடமானம் இல்லை. அடமானம் இல்லை என்றால் தொழில் கடன் இல்லை. பத்துப் பேரை வைத்து காண்ட்ராக்ட் எடுக்கிற திறமை அவருக்கு இருக்கிறது. இன்றும் இன்னொரு காண்ட்ராக்டரிடம் நாள் கூலி.

மகளாவது தப்பித்துவிடுவாள் என்று நினைத்தார். அந்தப் பெண் பிறந்தது 2005-ல் நம் ஊர் ஆஸ்பத்திரியில். இலங்கையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோர் குடியுரிமையும் வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் வரை போய்ப் பாஸ்போர்ட் வாங்கினார், 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அவர் பிறந்தது கெடு தேதிக்கு முன்னால். இந்தப் பெண் பிறந்தது பதினெட்டு வருஷம் பின்னால்.

பி.காம். முடித்தவள் வங்கித் தேர்வு எழுத ஆசைப்பட்டாள். விதிமுறையில் குடியுரிமைப் பகுதியைப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் "அப்பா, இலங்கைனு போட்டிருக்கு" என்று குதித்தாளாம். பர்மா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து இங்கே நிரந்தரமாகக் குடியேற வந்தவர்கள், அரசின் தகுதிச் சான்றிதழோடு எழுதலாம் என்று ஒரு வரி உண்டு. நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வரியின் தொடக்கத்தில் "இந்திய வம்சாவளியினர்" என்று இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கும், ரங்கூனுக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கும் எழுதிய வரி. என் தோழன் அதற்குள் வருவான். தலைமுறை தலைமுறையாகத் திருகோணமலைக்காரர்களான இவர்கள் வர மாட்டார்கள். இப்போது அந்தப் பெண் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். மாதம் 9,000 ரூபாய்.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. முகாம்களில் இருப்பவர்களில் மலையகத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இங்கே வந்திருந்தால் குடிமக்கள் ஆகியிருப்பார்கள். 1983 கலவரத்துக்குப் பயந்து படகில் வந்ததால் அகதிகள் ஆனார்கள். அவர்களுடைய தாத்தாவின் ஊர் இங்கேதான் ஏதோ ஒரு கிராமம்.

உழைப்புதான் காரணம் என்று இன்னும் தோன்றினால், கனடாவைப் பாருங்கள். இதே மக்கள். 1986-ல் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத் தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். டொராண்டோ பக்கம் போய்க் கோப்பை கழுவியவர்கள் இன்று சொந்த வீட்டில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதில் அங்கே போன கரி ஆனந்தசங்கரி அந்த நாட்டின் மத்திய அமைச்சர். நம் பெயின்டரின் சித்தப்பாவும் டொராண்டோவில் இருக்கிறார். சித்தப்பா பையன் லாரி கம்பெனி வைத்திருக்கிறானாம். ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தம்பியும். அண்ணன் குடும்பம் இந்தப் பக்கம் படகேறியது, தம்பி அந்தப் பக்கம் விமானம் ஏறினார். இதில் யார் உழைப்பாளி, யார் சோம்பேறி?

சென்ற ஆண்டுகளில் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லக் கூடாது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டது. பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். ஆனால் அது தண்டனையிலிருந்து விலக்கு. குடியுரிமை இல்லை.

கடைசி நாள் வேலை முடிந்து கூலி கொடுத்தேன். எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு நின்றார். "சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றார். நாலு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறாராம். திண்டிவனம் தாண்டி உள்ளே ஒரு மனை விலைக்கு வருகிறது. "உங்க பேர்ல வாங்கிக் குடுக்கறீங்களா சார்? எழுத்துகூட ஒண்ணும் வேணாம்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அடுத்தவர் காசில் என் பெயரில் வாங்கினால் அது பினாமி, சட்டப்படி குற்றம் என்றேன். எனக்கு வயது அறுபத்தாறு, நாளைக்கு நான் போய்விட்டால் என் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்வார்களோ என்றும் சொன்னேன். எல்லாம் சரியான பதில்தான். அவர் முகம் கொடுத்துக் கேட்டுவிட்டு, "தெரியும் சார். சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லி, ஏணியை மடக்கி பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் என் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. வர வேண்டாம் என்று நம் அரசாங்கம்தான் ஏற்பாடு செய்தது. வங்கியே வைத்துக் கொடுத்தது. அப்போது இந்த நாடு இப்போதைவிட ஏழை நாடு. பி.எல்.480 கோதுமை கப்பலில் வந்தால்தான் சாப்பாடு என்றிருந்த காலம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் அந்த நண்பரிடம் இதையெல்லாம் சொல்லப் போகிறேன். அதற்கு முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தில் என் பழைய மாணவர்கள் சிலர் வழக்கறிஞர்களாகவும் வருவாய்த் துறையிலும் இருக்கிறீர்கள். அந்த நாலு லட்சத்துக்கு அவர் பெயரிலேயே, சட்டத்துக்கு உட்பட்டு, ஏதாவது வழி இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அவருக்கு முடியாது என்று மட்டும்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம் என்பதற்குப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது.