வீட்டில் யாருக்கும் தெரியாத நோய்

அளவு மீறிச் சாப்பிடுவது, பிறகு குற்றவுணர்வில் ரகசியமாக வாந்தியெடுப்பது. இந்த நோய்க்கு 1979-இல் ‘புலிமியா நெர்வோசா’ என்று பெயர் வைத்தவர் லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல். தனக்கு அது இருந்ததை 1995-இல் பிபிசி பேட்டியில் இளவரசி டயானா துணிந்து சொன்னார்.

எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். அதனால் வீட்டாருக்குத் தெரிவதில்லை. உள்ளே வயிற்று அமிலம் பல்லை அரிக்கும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

ஆனால் குணப்படுத்தலாம்! எண்ணத்தையும் உணவுப் பழக்கத்தையும் சீராக்கும் சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சைதான் முதன்மையானது. வளரிளம் பிள்ளைகளுக்கான சிகிச்சையில் பெற்றோரும் உடன் அமர வேண்டும். ஃப்ளுவாக்ஸெடின் மாத்திரையும் உதவும், மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும்.

அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ இருப்பவர்கள் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பிள்ளையைத் திட்டாதீர்கள், அழைத்துப் போங்கள்.