அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும்?

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் இரவு பதினோரு மணிக்கு அழைத்தார். விடுதியில் நடக்கும் சாதிப் பாகுபாடு பற்றிப் பேச ஆரம்பித்தவர், கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணா, கவுன்சிலிங் போனா என்ன பண்ணுவாங்க? பைத்தியம்னு எழுதிடுவாங்களா?"

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நானும் போனவன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வன்கொடுமை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையானார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் புகார் கொடுக்க வைத்தவன் நான். நம் சாட்சிகள் இரண்டு பேர் கூண்டில் ஏறி, "எதையும் பார்க்கவில்லை" என்றார்கள். நீதிமன்ற வாசலில் அந்தக் குடும்பத்துப் பெரியவர் என் கையைப் பிடித்து, "பரவால்ல தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றிலிருந்து இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். மேடையில் பேசுவேன், வீட்டில் எரிந்து விழுவேன்.

முதலில் ஒரு தனியார் ஆலோசகரிடம் போனேன். "எல்லாத்தையும் சாதியாவே பார்க்காதீங்க" என்று சொல்லி மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தவன், எட்டு மாதம் வேறு எங்கும் போகவில்லை. அதுதான் என் தவறு. வக்கீல் சரியில்லை என்றால் வழக்கையா கைவிடுகிறோம்? வக்கீலைத்தானே மாற்றுகிறோம்.

பிறகு அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்கினேன். காத்திருந்தது இரண்டு மணி நேரம். பேசியது அரை மணி நேரம். எதிரே இருந்தவர் ஓர் உளவியலாளர். அவர் மாத்திரை எழுதமாட்டார்; தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

முதல் பத்து நிமிடம் கேள்விகள்தான். தூக்கம், பசி, குடி, வீட்டில் யார் யார், எப்போதிருந்து இப்படி. பிறகு நேராகவே கேட்டார்: "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழக்கமாகக் கேட்கும் கேள்விதான் அது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தோழர்களே, அந்த இடத்தில் மட்டும் வீரம் காட்டாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.

சொன்னால் வெளியே போகுமா என்ற பயம் எனக்கும் இருந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ரகசியம் காக்கப்படுவதை உங்கள் உரிமை ஆக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை என்னென்ன என்று முதலிலேயே கேட்கலாம், கேட்டால் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். அதே சட்டத்தின் 18ஆவது பிரிவு, சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது.

"இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குவோம். எது?" என்றார். நான் மூட்டை நிறையக் கொண்டு போயிருந்தேன். அரை மணி நேரத்தில் மூட்டையை அவிழ்க்க முடியாது. "அந்த வழக்கு என்னாலதான் தோத்துச்சு" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை.

தாளில் ஒரு வட்டம் போட்டார். இந்தத் தோல்வியில் யார் யாருக்குப் பங்கு என்று பிரிக்கச் சொன்னார். "உங்க பேரைக் கடைசியா எழுதுங்க" என்றார். குற்றப்பத்திரிகையை இழுத்தடித்த போலீஸ். சாட்சிகள் கூலிக்குப் போவது யார் வயலுக்கு, கடன் வாங்கியது யாரிடம். அவர்களை மிரட்டியவர்கள். இழுத்துக்கொண்டே போன விசாரணை. ஊர் எது, சேரி எது என்பதையே அவருக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. காது கொடுத்துக் கேட்டார். எல்லாம் எழுதி முடித்தபின் எனக்கென்று ஒரு சின்னத் துண்டு மிஞ்சியது.

"உங்க மேல தப்பே இல்ல" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். கடைசி ஒரு வருடம் நான் சாட்சிகளின் வீட்டுப் பக்கமே போகவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவில் சாட்சிப் பாதுகாப்பு கேட்டு மனுவும் போடவில்லை. "இந்தத் துண்டு உங்களுது. இதை என்ன பண்ணப் போறீங்க? அடுத்த தடவை எழுதிட்டு வாங்க" என்றார். அதுதான் வீட்டுப்பாடம்.

வெளியே வந்தபோது காய்ச்சல் விட்டதுபோல் உடம்பு அசந்து கிடந்தது. அன்றிரவும் இரண்டு மணிக்கு விழித்தேன். ஒரே நாளில் தூக்கம் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான்கு முறை போனேன். மூன்றாவது முறைக்குப் பிறகு விடியற்காலை வரை தூங்க முடிந்தது.

"நோய் சமூகத்துக்கு, சிகிச்சை நமக்கா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பாதி சரி. 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா இறந்தபோது மாணவர்கள் அதை நிறுவனப் படுகொலை என்றார்கள். அநியாயத்துக்கு மன அழுத்தம் என்று பெயர் மாற்றி வைத்து நிர்வாகம் கை கழுவ விடக் கூடாது. புகார் கொடுத்தவரிடம் "கவுன்சிலிங் போ" என்பது பதிலே அல்ல. ஆனால் நிர்வாகம் அதைத் தப்பாகப் பயன்படுத்துகிறது என்பதற்காக நம் பிள்ளைகள் தூங்காமல் கிடக்க வேண்டுமா? புகார் மனு வேறு, இது வேறு. இரண்டையும் செய்யுங்கள்.

போகும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: என்ன நடக்கிறது, எப்போதிருந்து, எது மாற வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு எங்கே என்று விசாரியுங்கள். அதுவரை காத்திருக்க முடியாத இரவுகளில் டெலி மானஸ் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இப்போது நாங்கள் எந்த வழக்கை எடுத்தாலும் ஆரம்பத்திலேயே 15ஏ மனு போட்டுவிடுகிறோம். மாதம் ஒரு முறையாவது சாட்சிகளின் வீட்டுக்குப் போகிறோம்.

அந்த மாணவர் போன திங்கட்கிழமை ஓபி சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். விடுதி குறித்த புகார் மனுவும் தயாராகிறது.

ஜெய்பீம்.