பிரிந்த இணை

மூலக்குளத்தில் ஒரு மாடிக்கூடத்தில் நம் ஆசிரியரின் நூல் வெளியீடு. படியேற இயலாத அவர் கீழறையில் அமர்ந்திருந்தார். மேலே நிகழ்வதை அவர் காண, எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கருவி இரண்டு வாங்கி, இடையே நாற்பது மீட்டர் நெட்வொர்க் கேபிள் இழுத்திருந்தோம். கீழே தொலைக்காட்சியில் ஒரு நொடி படம், பின்னர் இருள்.

சோதிக்கும் கருவியில் எட்டு விளக்குகளும் முறையாக எரிந்தன. ஆகவே வாங்கிய கருவியையே பழித்தோம் (தமிழாசிரியர்க்கு அது எளிது). இயற்பியல் துறை நண்பர்தாம் கேபிளின் முனையை உற்றுநோக்கினார். அவ்விளக்குகள் கம்பி அறுபடவில்லை என்று மட்டுமே சொல்லும். எதனோடு எது முறுக்குண்டது என்பதைச் சொல்லா. இரு கம்பிகளை முறுக்கினால் புற இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல் விழுந்து கழிந்துபோகும். 1881இல் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற உத்தி அது. பச்சை இணை மூன்றாம், ஆறாம் இடங்களிலும், நீல இணை அவற்றின் நடுவிலும் அமைதல் வேண்டும். நாமோ அழகு கருதி நிறவாரியாக அடுக்கிவிட்டிருந்தோம். இரு முனைகளையும் வெட்டி மீண்டும் பொருத்தினோம்.

காரணம் கேட்ட ஆசிரியர், "இரட்டைக்கிளவியைப் பிரித்தீர்களோ?" என்றார். படம் தெளிந்தது. மேலே நூலை உயர்த்திக் காட்டினார்கள். அட்டையில் ஓர் ஒற்று விடுபட்டிருப்பதை முதலில் கண்டவர் அவரே.