சாப்பிடுற மீனுக்குத்தான் பூண்டு!

ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர். வயலை ஒட்டி அரை ஏக்கரில் குளம் வெட்டி கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறோம். மகளின் காலேஜ் ஃபீஸ் அந்தக் குளத்தை நம்பித்தான் இருக்கிறது.

போன மார்கழியில் நாலு நாள் விடாத மழை. அது விட்டதும் சில ரோகு மீன்கள் கரையோரம் மந்தமாக மிதந்தன. செதில் உதிர்ந்த இடத்தில் சிவப்பு சிவப்பாகப் புண். இரண்டு கட்லாவுக்கு வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் ஏழு செத்து மிதந்தன.

"தங்கச்சி, மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி தவிட்டுல கலந்து போட்டுடு" என்றார் பக்கத்துக் குளத்து அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை. மருந்து மீனின் சதையில் தங்கும். அந்த மருந்துக்கு அசராத கிருமி குளத்தில் பெருகும். நாளைக்கு அதை வாங்கிக் குழம்பு வைப்பது என்னைப் போல ஒருத்திதானே!

மீன்வளத்துறை சார் வந்து பார்த்தார். "ஏரோமோனாஸ் பாக்டீரியா மாதிரி தெரியுது. தண்ணியில எப்பவும் இருக்கறதுதான். மீன் சோர்ந்தா பாய்ஞ்சிடும்" என்றவர், "மத்த மீனெல்லாம் சாப்பிடுதாம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. காய்ச்சல்கார குழந்தை மாதிரி, நோய் முற்றிய மீன் இரை எடுக்காது. தீவனத்தில் கலக்கும் மூலிகை அதன் வயிற்றுக்குள் போகவே போகாது. இன்னும் சாப்பிடுகிற மீன்களைக் காப்பாற்றத்தான் அது.

செத்ததையும் புண் முற்றியதையும் எடுத்து, சுண்ணாம்பு தூவிக் குழியில் புதைத்தோம். கொஞ்சம் பழைய தண்ணீரை இறக்கிப் புதுத் தண்ணீர் விட்டோம். தீவனத்தைப் பாதியாகக் குறைத்தோம். பிறகுதான் பூண்டு. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சேர்த்து ஒரு கிலோவுக்கு 10 கிராம். பூண்டில் கிருமியை அடக்கும் அல்லிசின், நசுக்கிய பிறகுதான் உருவாகும். சூடு பட்டால் போய்விடும். அதனால் அம்மியில் தட்டி, பத்து நிமிஷம் விட்டு, ஆறிய கஞ்சியில் கலந்து உருண்டை பிடித்து, அன்றன்றே போட்டோம். கொய்யா இலையும் இந்தக் கிருமியைத் தடுக்கிறது என்று தாய்லாந்தில் திலேப்பியா மீனுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அத்தை ஒரு கூடை வேப்பிலையோடு வந்தார். "அளவு தெரியாம குளத்துல கொட்டினா வேம்பே மீனுக்கு விஷமாயிடும் அத்தை" என்று தடுத்துவிட்டேன்.

மொத்தம் முப்பத்துச் சொச்சம் மீன் போனது. இரண்டு வாரத்தில் சாவு நின்றது. பூண்டு மட்டுமே காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன்; தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு. பங்குனியில் மீன் பிடித்தோம். ஃபீஸும் கட்டியாகிவிட்டது.

மீன் வளர்க்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன். தினமும் தீவனப் பையைத் தூக்கிப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறாக மிச்சம் இருந்தால், புண் கண்ணில் படும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே தண்ணீரைக் கவனித்துவிட்டு, பூண்டை உரிக்க உட்காருங்கள்.